எந்த ஆண்டின் கார் இது?

பழைய கார் விற்பவர்களுக்கென்று ஒரு மொழி இருக்கிறது. ‘சிங்கிள் ஓனர், ஒரிஜினல் பெயிண்ட், ஷோரூம் கண்டிஷன்.’ விளம்பரத்தில் இந்த மூன்றும் வந்துவிட்டால் விலை ஏறிவிடும். மூன்றையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் பொருள் ஒன்றுதான்: இந்த வண்டிக்கு எதுவும் ஆகவில்லை. கை மாறவில்லை, அடிபடவில்லை, யாரும் இதில் பெரிதாக வாழ்ந்துவிடவில்லை.

நூறு வருடங்களுக்கு முந்தைய சொகுசுக் கார்களை விற்கும் ஏல நிறுவனங்களின் பட்டியல்களும் இதே மொழியில்தான் எழுதப்படுகின்றன. என்ன, அங்கே மூன்று சொற்றொடர்கள் பல பக்கங்களாக விரிந்திருக்கும். கொஞ்ச காலமாக இவற்றை ஓர் இலக்கிய வகைமையாகவே வாசித்துவருகிறேன். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே கதையமைப்பு. உயர்குடியில் பிறப்பு. சில காலம் புகழ். பிறகு போர், வறுமை, ஏதோ ஒரு கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே வனவாசம். ஒருநாள் விவரம் தெரிந்த ஒருவர் கண்ணில் படுகிறது. மறுசீரமைப்பு நடக்கிறது. கடைசியில் புல்வெளிப் போட்டியில் முதல் பரிசு, பட்டாபிஷேகம். ஆனால் ஒரு வித்தியாசம். நம் காவியங்களில் வனவாசம்தான் கதை. இங்கே அதற்கு இரண்டு வரிதான்.

அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ‘காருக்கெல்லாம் விமர்சனமா?’ என்று கேட்கலாம். ஒரு பழைய பொருளை மறுசீரமைப்பது என்பதே ஒரு வாசிப்புதான். எதை வைத்துக்கொள்வது, எதைச் சுரண்டி எடுப்பது, எந்தப் பாடம் மூலம், எது இடைச்செருகல் என்று யாரோ முடிவெடுக்கிறார்கள். முடிவெடுத்ததும் அந்த முடிவின் தடத்தையும் அழித்துவிட்டு, பளபளப்பாக நம் முன்னால் நிறுத்தி ‘இதுதான் ஒரிஜினல்’ என்கிறார்கள். பதிப்பாசிரியர் அடிக்குறிப்பு போடாமல் நூலை வெளியிட்டால் சும்மா விடுவோமா?

*

இந்த வகைமைக்கு ஆதிநூல் என்று ஒரு காரைச் சொல்லலாம். ஏஎக்ஸ் 201. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் ‘சில்வர் கோஸ்ட்’. சேஸிஸ் எண் 60551.

1906 நவம்பரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் ரோல்ஸ் ராய்ஸ் ஒரு புது மாடலை வைத்தது. பெயர் 40/50. ஆறு சிலிண்டர், 7,036 சிசி. அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் நீளமான கிராங்க் ஷாஃப்ட் முறுக்கி அதிர்ந்து உடைவது பெரிய தொல்லை. ஹென்றி ராய்ஸ் அதைத் தடியாகச் செய்து ஏழு பேரிங்குகள் கொடுத்தார், எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்தினார். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி சத்தம் அடங்கியது. அந்த மௌனத்தை எப்படி விற்பது என்று யோசித்தவர் ராய்ஸும் இல்லை, ரோல்ஸும் இல்லை. நிர்வாகம் பார்த்துக்கொண்ட கிளாட் ஜான்சன். ‘ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயரின் நடுவில் இருக்கும் சிறு கோடு இவர்தான்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

1907இல் ஜான்சன் பன்னிரண்டாவது சேஸிஸை எடுத்து, லண்டனின் பார்க்கர் கோச் நிறுவனத்திடம் கொடுத்துத் திறந்த டூரிங் பாடி கட்டச் சொன்னார். நாலைந்து பேர் சாய்ந்து உட்கார்ந்து நெடுந்தூரம் போகிற வண்டி. அலுமினிய வண்ணம் பூசி, விளக்கு முதலான உலோகப் பாகங்களுக்கெல்லாம் வெள்ளி முலாம் போட்டு, ‘தி சில்வர் கோஸ்ட்’ என்று ஒரு பெயர்த் தகடும் மாட்டினார். பேய் போல ஓசையில்லாமல் வரும் என்று அர்த்தம். ஏஎக்ஸ் என்பது மான்மத்ஷையர் மாவட்டத்தின் பதிவெழுத்து. ரோல்ஸ் குடும்பத்தின் பண்ணை இருந்த ஊர்ப்பக்கம்.

பிறகு அதை ஓட்டினார்கள். ஸ்காட்லாந்து நம்பகத்தன்மைப் போட்டி, அப்புறம் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவே 27 முறை. ஞாயிற்றுக்கிழமை தவிர இரவும் பகலும். ரோல்ஸ், ஜான்சன், சோதனை ஓட்டுநர் எரிக் பிளாட்ஃபோர்ட் எல்லாரும் மாறி மாறி ஸ்டியரிங் பிடித்தார்கள். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் பார்வையாளர் கூடவே உட்கார்ந்து குறிப்பெழுதினார். மொத்தம் 15,000 மைல். 629 மைல் ஆனபோது, சாலையின் குலுக்கலில் பெட்ரோல் குழாய் தானே மூடிக்கொண்டு வண்டி நின்றது. அதற்குப் பிறகு 14,371 மைல் தொடர்ச்சியாக, தானாக ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது. உலக சாதனை.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்தது. ஓட்டம் முடிந்ததும் கிளப்பின் ஆட்கள் எஞ்சினைக் கழற்றி ஒவ்வொரு பாகமாக அளந்தார்கள். புத்தம் புதிதாக ஆக்க வேண்டுமானால் மாற்ற வேண்டிய பாகங்களின் விலை இரண்டு பவுண்டு சொச்சம். சேஸிஸ் மட்டுமே ஏறத்தாழ ஆயிரம் பவுண்டுக்கு விற்ற வண்டி அது. யோசித்துப் பார்த்தால் இந்தக் காரின் முதல் மறுசீரமைப்பு மதிப்பீடு இதுதான். அதுவே விளம்பரமும் ஆனது. ‘இவ்வளவு ஓடியும் இதற்கு எதுவும் ஆகவில்லை.’ பழைய கார் விளம்பரத்தின் மொழி இங்கேயே முழுசாக வந்துவிட்டது.

*

1908இல் கார் ஒரு தனியாருக்கு விற்கப்பட்டது. 1948இல் நிறுவனத்துக்கே திரும்பி வந்தது. நடுவில் நாற்பது வருடங்கள்.

நான் வாசித்த வரலாறுகள் எல்லாவற்றிலும் இந்த நாற்பது வருடங்கள் ஒரு வாக்கியம்தான். ‘ஒரு வாடிக்கையாளரிடம் இருந்தது.’ சில நேரம் அவர் பெயர் சேர்ந்து வரும், அவ்வளவே. 1907ஆம் ஆண்டின் கோடைக்காலம் மைல் மைலாக, நாள் நாளாக எழுதப்பட்டிருக்கிறது. பெட்ரோல் குழாய் மூடிய இடம்வரை தெரியும். ஆனால் இந்தக் கார் பிற்காலத்தில் ஐந்து லட்சம் மைலைத் தாண்டியதாகச் சொல்கிறார்கள். அதன் பக்கத்தில் 15,000 மைல் எவ்வளவு? நூறில் மூன்று பங்கு. வண்டியின் நிஜமான வாழ்க்கை மிச்சம் 97 பங்கில் இருக்கிறது. அந்தப் பங்குக்கு யாரும் கூட உட்கார்ந்து குறிப்பெழுதவில்லை.

இரண்டு உலகப் போர்கள் அந்த நாற்பது வருடங்களுக்குள் வந்து போயின. இதே 40/50 சேஸிஸ் மீது முதல் உலகப் போரில் இரும்புத் தகடு அடித்துக் கவச வண்டியாக்கினார்கள். அரேபியப் பாலைவனத்தில் டி.இ. லாரன்ஸ் அவற்றை வைத்துத்தான் ரயில் பாதைகளைத் தாக்கினார். ரோல்ஸ் 1910இலேயே விமான விபத்தில் இறந்துபோனார். 1925இல் நிறுவனம் ‘நியூ பாண்டம்’ என்ற அடுத்த மாடலுக்குப் போனது. அப்போதுதான் பழைய 40/50களுக்கெல்லாம் ‘சில்வர் கோஸ்ட்’ என்ற பெயர் அதிகாரபூர்வமாக ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு காரின் செல்லப்பெயர், ஏழாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட கார்களுக்குப் பின்தேதியிட்டுக் கொடுக்கப்பட்டது. நாம் இன்று 1911ஆம் வருட சில்வர் கோஸ்ட் என்று சொல்லும்போது, அதை வாங்கியவர் கேட்டிருக்காத ஒரு பெயரைச் சொல்கிறோம். பெயரிலேயே மறுசீரமைப்பு நடந்திருக்கிறது.

இத்தனையும் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஏஎக்ஸ் 201 ஒரு வீட்டில் வண்டியாக இருந்தது. யாரோ காலையில் கிராங்க் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறார்கள், டயர் மாற்றியிருக்கிறார்கள், மழையில் நனைந்த தோல் இருக்கைக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். ராய்ஸின் எஞ்சின் உறுதியானது என்பதற்கு உண்மையான சாட்சி இந்தச் சாதாரண நாற்பது வருடங்கள்தான். 1907இல் ஓட்டியவர்கள் காரைச் செய்தவர்கள். அவர்களுக்கு ஜெயிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. வாங்கியவருக்கு அப்படியொரு கட்டாயமும் கிடையாது, பிடிக்காவிட்டால் விற்றுவிட்டுப் போயிருக்கலாம்.

1948இல் கார் திரும்பி வந்ததும் நிறுவனம் அதை மறுபடி விளம்பர வண்டியாக்கியது. கண்காட்சிகள், வெளிநாட்டுப் பயணங்கள். 1990ஐ ஒட்டிய வருடங்களில் விரிவான மறுசீரமைப்பும் நடந்தது. எந்த வருடத்துக்கு மீட்டார்கள் தெரியுமா? 1907க்கு. ஜான்சன் தேர்ந்தெடுத்த அந்தக் கோடைக்காலத்துக்கு. அந்த வருடத்தில் ரோல்ஸ் ராய்ஸ் முகப்பில் பறக்கும் பெண் சிலைகூட இல்லை. சார்லஸ் சைக்ஸ் அதை வடித்தது 1911இல்.

இது இயல்பான முடிவு என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1907 என்பது இந்தக் காரை நிறுவனம் எப்படிப் பார்க்க விரும்பியதோ அந்த வருடம். அந்த வருடத்தை மூலப்பாடம் என்று ஏற்றுக்கொள்வது விளம்பரத்தை மூலப்பாடம் என்று ஏற்றுக்கொள்வதுதான். 1930இல் அந்த வண்டி இருந்த நிலையும் அதே அளவுக்கு உண்மை. அதை யாரும் பணம் கொடுத்து மீட்க மாட்டார்கள்.

*

சில்வர் கோஸ்ட் கூட்டத்தையே எடுத்துக்கொண்டால் இந்தத் தேர்வு இன்னும் பச்சையாகத் தெரியும். அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் சேஸிஸையும் எஞ்சினையும் மட்டும்தான் விற்றது. பாடி கட்டுவது பார்க்கர், ஹூப்பர் மாதிரியான கோச் பட்டறைகளின் வேலை. சில பணக்காரர்கள் ஒரே சேஸிஸுக்குக் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு பாடி வைத்திருந்தார்கள். மரச் சட்டத்தின்மேல் தகடு அடித்த பாடி சேஸிஸ் அளவுக்குத் தாங்காது. உளுத்துப்போன பாடியைக் கழற்றிவிட்டுச் சேஸிஸை வேறு வேலைக்குக் கொடுத்தார்கள். சிலது சவ வண்டியானது, சிலது பழுதான வண்டிகளை இழுக்கும் பிரேக்டவுன் வண்டியானது.

பின்னாளில் சேகரிப்பாளர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் திறந்த டூரிங் கார்தான் வேண்டும். பார்க்க அழகு, ஓட்ட ஜாலி, விலையும் அதிகம். எனவே சவ வண்டிகள் மட்டுமல்ல, பிறக்கும்போதே மூடிய லிமோசினாக இருந்தவைகூடப் பாடி கழற்றப்பட்டு, புதிதாகச் செய்த டூரிங் பாடி மாட்டப்பட்டன. இன்று நாம் படங்களில் பார்க்கும் பல சில்வர் கோஸ்ட்கள் இப்படிப்பட்டவை. சேஸிஸ் அன்றையது, பாடி நேற்றையது.

இதில் தொலைந்துபோனது ஒரு வகைப் பாடி மட்டும் இல்லை. அந்தக் காலத்துப் பல லிமோசின்களில் முதலாளி கண்ணாடிக்குள்ளே பட்டு இருக்கையில். டிரைவர் முன்னால், பாதி திறந்த இடத்தில், மழையிலும் பனியிலும். ஒரு சமூகத்தின் அடுக்கு அந்தப் பாடியின் வெட்டுத் தோற்றத்திலேயே இருந்தது. அதைக் கழற்றி டூரிங் பாடி மாட்டியதும் எல்லாரும் ஒரே வெயிலில் சிரித்துக்கொண்டே உல்லாசப் பயணம் போன மாதிரி ஒரு கடந்தகாலம் கிடைக்கிறது. இதைப் பொய் என்று சொல்ல முடியாது, அப்படியும் கார்கள் இருந்தன. ஆனால் எண்ணிக்கை மாறிவிட்டது. வரலாற்றைத் திரிக்க ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம், எண்ணிக்கையை மாற்றினால் போதும்.

டூரிங் பாடியின் பெயரையும் கவனிக்க வேண்டும். ஏஎக்ஸ் 201இன் பாடி வகைக்கு ‘ருவா தெ பெல்ஜ்’ என்று பெயர், ‘பெல்ஜியர்களின் அரசர்’. வளைந்து ததும்பும் பக்கங்கள், நாற்காலி போன்ற இருக்கைகள் கொண்ட இந்தப் பாணி இரண்டாம் லியோபோல்டின் காரிலிருந்து பெயர் பெற்றது. 1908வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்து, ரப்பருக்காக அந்த மக்களை வதைத்த அதே லியோபோல்ட். பட்டியல்கள் இந்தப் பெயரை ஒரு நேர்த்தியான பிரெஞ்சுச் சொல்லாக மட்டும் போட்டுவிட்டு நகர்கின்றன. வளைவை மில்லிமீட்டர் பிசகாமல் மீட்டுவிடுகிறார்கள், பெயருக்குள் இருப்பதை மீட்க யாரும் மெனக்கெடுவதில்லை.

*

சரி, பாகங்களெல்லாம் மாறிப்போன கார் அதே கார்தானா என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. பென்ட்லியின் ‘ஓல்ட் நம்பர் ஒன்’ 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் பந்தயம் ஜெயித்த கார். 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ சாய்தளத்தின் விளிம்பைத் தாண்டி விழுந்து இறந்தார். அதற்குள் அதில் எஞ்சின்கூட மாறியிருந்தது. விபத்துக்குப் பின் வேறு உருவத்தில் மறுபடி கட்டினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அதைப் பெருந்தொகைக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், ‘இது அந்தக் காரே இல்லை’ என்று பின்வாங்க, வழக்கு 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஆட்டன் பாகங்களை எண்ணிப் பார்த்தார். ஆதியில் ஓடிய காரிலிருந்து எஞ்சியது மிகக் குறைவு என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் அறுபடாத தொடர்ச்சி இருப்பதால் இது ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார்.

நான் வாசித்த கார் விமர்சனங்களிலேயே சிறந்தது இந்தத் தீர்ப்புதான். அது அடையாளத்தைப் பொருளில் தேடவில்லை, வாழ்க்கையில் தேடியது. மாற்றங்கள் களங்கம் இல்லை, அவைதான் சங்கிலியின் கண்ணிகள். இந்த அளவுகோலை ஏஎக்ஸ் 201க்கு வைத்துப் பாருங்கள். அதை அதே காராக வைத்திருப்பது 1907இன் வெள்ளி முலாம் இல்லை. 1908இலிருந்து 1948வரை யாரோ அதை விடாமல் வைத்திருந்தார்களே, அது.

உரிமை என்ற விஷயமும் இங்கே சிரிப்பாய்ச் சிரிக்கிறது. 1998இல் ரோல்ஸ் ராய்ஸ் கார் நிறுவனத்தை ஃபோக்ஸ்வாகன் 430 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. தொழிற்சாலை, முகப்புச் சிலை, கிரில் எல்லாம் வந்தன. பெயர் மட்டும் வரவில்லை. பெயர் விமான எஞ்சின் செய்யும் இன்னொரு ரோல்ஸ் ராய்ஸிடம் இருந்தது. அவர்கள் அதை 40 மில்லியனுக்கு பிஎம்டபிள்யூவுக்குக் கொடுத்தார்கள். பிரிவினை முடிந்தபோது ஏஎக்ஸ் 201 க்ரூவில், ஃபோக்ஸ்வாகனின் பென்ட்லி நிறுவனத்திடம் தங்கிவிட்டது. உலகின் மிகப் புகழ்பெற்ற ரோல்ஸ் ராய்ஸுக்கு உரிமையாளர் அதன் பழைய போட்டி நிறுவனம்! 2005 வாக்கில் 35 மில்லியன் டாலர் காப்பீட்டு மதிப்பு சொல்லப்பட்டது. பிறகு அது தனியார் கைக்குப் போனது. ஒரு பெயரை விற்பதற்காகப் பிறந்த காருக்கு அந்தப் பெயர்க்காரர்களே சொந்தம் இல்லாமல் போனார்கள்.

*

இதற்கு நேரெதிரான விதியோடு ஒரு சில்வர் கோஸ்ட் ஹைதராபாத்தில் சௌமஹல்லா அரண்மனையில் நிற்கிறது. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் ஆர்டர் கொடுத்தது. 1911இல் அவர் இறந்துபோக, கார் மகன் உஸ்மான் அலி கானிடம் வந்தது. மஞ்சள் நிறம், பின்னால் சிம்மாசனம் போல உயர்ந்த இருக்கை, பார்க்கர் கட்டிய பாடி. ஊர்வலத்துக்கான வண்டி என்பதால் அதன் வாழ்நாளில் சில நூறு மைல்தான் ஓடியது. அதற்கும் மறுசீரமைப்பு தேவைப்பட்டது. ஓடிய காருக்கும் மராமத்து, ஓடாத காருக்கும் மராமத்து. ஒன்றில் மீட்டது உழைப்பின் தேய்மானத்திலிருந்து, மற்றதில் சும்மா நின்ற காலத்திலிருந்து. இரண்டும் ஒரே மாதிரி பளபளப்பதால் பார்வையாளருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. எனக்கு இதுதான் மறுசீரமைப்பின்மேல் இருக்கும் பெரிய புகார்: அது எல்லா வாழ்க்கையையும் ஒன்றுபோல் காட்டிவிடுகிறது.

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். கார் என்பது ஓடினால்தான் கார். தேய்ந்த பேரிங்கை ‘வரலாற்றுச் சான்று’ என்று அப்படியே வைத்திருந்தால் எஞ்சின் பிடித்துவிடும். ராய்ஸின் மௌனத்தை இன்றைக்கும் காதால் கேட்க முடிகிறது என்றால் அது மறுசீரமைத்த கைகளால்தான். உலோகத்தைத் தட்டியும் மரத்தை வளைத்தும் அழிந்துகொண்டிருந்த தொழில்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களும் அவர்களே. கட்டடங்களுக்கு 1964இல் வெனிஸ் சாசனம் வந்தது, அதைப் பின்பற்றிப் பழைய வாகனங்களுக்கும் டூரின் சாசனம் வந்திருக்கிறது. முடிந்தவரை தொடாதே, தொட்டதை எழுதி வை, மாற்றங்களும் வரலாறே என்று அது சொல்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெரிய புல்வெளிப் போட்டிகளிலும் பெயிண்ட் உரிந்த, இருக்கை கிழிந்த, யாரும் மீட்காத கார்களுக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது. வாசிப்பு மாறிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அங்கேயும் சந்தை நுழைந்துவிட்டது. உரிந்த பெயிண்டுக்கு விலை கூடியதும், அந்த உரிசலையே செயற்கையாக உண்டாக்கித் தருபவர்கள் வந்துவிட்டார்கள். ஆக பளபளப்பு, பழமை இரண்டில் எது உண்மை என்று கேட்பது வீண். கேட்க வேண்டியது வேறு. இந்தக் கார் எந்த வருடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது? அந்த வருடத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அதனால் யாருடைய வருடங்கள் காணாமல் போயின?

ஏஎக்ஸ் 201இல் ‘தி சில்வர் கோஸ்ட்’ என்ற தகடு இன்றைக்கும் இருக்கிறது. ஜான்சன் மாட்டிய பெயர், இருக்கட்டும். அதன் பக்கத்தில் இன்னொரு சின்னத் தகடு மாட்டலாம். ‘1908–1948’ என்று மட்டும் எழுதினால் போதும். ரெண்டு ஸ்க்ரூ செலவு.